ஒருமையில் பேசாத அவை: எந்த வழியைத் தேர்வது?

சென்ற ஆண்டு எங்கள் ஊர் நூலகத்தில், வாசகர் வட்டத்தின் பெயரில் ஒரு கூட்டம் கூட்டினோம். குளத்தங்கரையில் கொட்டப்படும் குப்பையை என்ன செய்வது என்பதுதான் பொருள். 40 பேர் வந்திருந்தார்கள்; எங்கள் ஊருக்கு அது பெரிய கூட்டம். முதல் 20 நிமிடம் நன்றாகவே போனது. மடையை அடைத்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒருவர் சொன்னார், கோழிக்கடைக் கழிவைப் பற்றி இன்னொருவர் சொன்னார். பிறகு யாரோ, இது யார் ஆட்சியில் தொடங்கியது என்று கேட்டார். அதோடு பேச்சு குளத்தை விட்டுக் கட்சிக்கு ஏறிவிட்டது. நின்றபடி பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு முதியவரைப் பார்த்து, அவரைவிட 30 வயது இளையவர் "நீ உட்கார்" என்றார். அந்த இரண்டு சொற்களில் கூட்டம் முடிந்தது.

"உட்காருங்கள்" என்று சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது என்று நான் நினைக்கவில்லை. வந்திருக்கும். ஆனால் அடுத்த ஞாயிறும் அந்த முதியவர் வந்திருப்பார். இப்போது அவர் நூலகத்துப் பக்கமே வருவதில்லை. குப்பை அங்கேயே கிடக்கிறது.

இந்த ஆண்டு மறுபடியும் தொடங்க நினைக்கிறோம். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது ஊர் இன்னும் சூடாகும். அதற்கு முன்பே அரசியலைப் பேசிப் பழக ஓர் இடம் வேண்டும். வட்டத்தில் 14 பேர் இருக்கிறோம். கையில் இருப்பவை ஒரு கூடம், மாதத்தில் இரண்டு ஞாயிறுகள், சில ஆயிரம் ரூபாய். எதைச் செய்வது என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. கடுமையான விதிகள் போடலாம் என்றார் ஒருவர். பட்டிமன்றம், வேட்பாளர்களுக்கு ஒரே மேடை, கிராம சபை, குலுக்கலில் ஆள் எடுத்து ஓர் அவை, பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் உட்காரும் சிறு வட்டம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாவற்றையும் நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு ஊர்களிலும் இதே கேள்வியோடு சிலர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். அரசியல் தகராறுச் செய்திகளில் "ஒருமையில் பேசினார்" என்ற தொடர் அடிக்கடி வரும். தமிழில் அவமதிப்புக்குத் தனியாக வசைச்சொல் தேவையில்லை, வினைமுற்றின் விகுதியே போதும். ஆனால் மரியாதைக்குச் சொல்லும் பன்மை நம் ஊர்களில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. யார் யாரை "வாங்க" என்பார், யாரை "வா" என்பார் என்பதைச் சாதியும் நிலமும் வயதும் ஆண், பெண் என்பதும் முடிவு செய்கின்றன. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டது 2020ஆம் ஆண்டு வெளியே தெரிய வந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் உரக்கக் கத்தியிருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அமைதியான கூட்டமாகவே தெரிந்திருக்கும்.

ஆகவே சத்தம் குறைவாக இருப்பதைக் கண்ணியம் என்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. "மரியாதையாகப் பேசு" என்ற கட்டளை எப்போதும் மேலிருந்து கீழேதான் போகிறது. ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்டவை இரண்டு கேள்விகள்தான். ஊரில் மிகக் குறைந்த செல்வாக்கு உள்ளவருக்கும் அங்கே "நீங்கள்" கிடைக்குமா? கசப்பான உண்மையை அங்கே சொல்ல முடியுமா?

விதியும் தண்டமும்

கூட்டத்தைக் குலைப்பவருக்கு அபராதம் என்பது எங்கள் பக்கத்தில் மிகப் பழைய யோசனை. திருநெல்வேலிக்கு அருகில் உள்ள மானூரில், ஏறத்தாழ கி.பி. 800ஆம் ஆண்டைச் சேர்ந்த, பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அவையில் எந்தக் காரியம் வந்தாலும் "அன்று, அன்று" (அப்படியல்ல) என்று மறுத்துக் குத்துக்கால் போடுபவர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் ஐந்து காசு தண்டம் என்று அது சொல்கிறது. 1,200 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊரவை இதை நினைத்துப் பார்த்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. ஆனால் அந்த அவையில் பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது: நிலப்பங்கும் மறைக் கல்வியும் உடையவர்களுக்கு. உழுதவர்களுக்கு அங்கே "அன்று" என்று சொல்லவும் இடம் இல்லை. மறுப்பவருக்கு அபராதம் என்ற விதி, ஏற்கெனவே அவையில் உட்கார்ந்திருப்பவர்களையே முதலில் காக்கிறது.

இன்றைய விதிகளிலும் இந்தச் சிக்கல் தொடர்கிறது. தேர்தல் நடத்தை விதிகள் 1960இல் கேரளச் சட்டமன்றத் தேர்தலையொட்டிப் பிறந்தவை. பிற கட்சிகளை விமர்சிக்கும்போது கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தனி வாழ்க்கையைத் தொடக்கூடாது, சாதி மத உணர்வைத் தூண்டி வாக்குக் கேட்கக்கூடாது, ஒருவருடைய கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் வீட்டின் முன் மறியல் செய்யக்கூடாது என்கின்றன அவை. படித்துப் பார்த்தால் ஒரு வரியைக்கூட மறுக்கத் தோன்றாது. டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த 1990களில் அவற்றுக்கு உயிர் வந்தது. ஆனால் அவை தேர்தல் அறிவிப்பில் தொடங்கித் தேர்தலோடு முடிபவை. மற்ற நாட்களுக்கு என்ன இருக்கிறது? அவதூறுச் சட்டம் இருக்கிறது. குற்றவியல் அவதூறு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்த அரசுகள் அதை எதிர்க்கட்சித் தலைவர்கள் மீதும் பத்திரிகைகள் மீதும் பயன்படுத்தியிருக்கின்றன. கண்ணியத்துக்கான சட்டம் விமர்சனத்துக்கான பூட்டாக மாறுவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

சட்டமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விதி இருக்கிறது, பேரவைத் தலைவர் இருக்கிறார், அவைக் காவலர்கள் இருக்கிறார்கள், தகாத சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரமும் இருக்கிறது. இத்தனையும் இருந்துதான் 1989 மார்ச் 25 அன்று பட்ஜெட் கூட்டம் கைகலப்பில் முடிந்தது. சொல்லைக் குறிப்பிலிருந்து நீக்கலாம், கேட்டவர் நெஞ்சிலிருந்து நீக்க முடியாது.

எனவே விதிகளை மட்டும் நம்பி இறங்க எனக்கு மனமில்லை. மூன்று விதிகளைக் கரும்பலகையில் எழுதி வைப்போம், அபராதம் வேண்டாம். யாராக இருந்தாலும் "நீங்கள்". குடும்பம், சாதி, தனி வாழ்க்கை பேச்சில் வரக்கூடாது. மறுப்பதற்கு முன், எதிரே இருப்பவர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவது விதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்; நான் மிகவும் நம்புவது அதைத்தான்.

பட்டிமன்றம்

வட்டத்தில் பாதிப் பேருக்கு இதுதான் விருப்பம். காரணம் புரிகிறது. நம் மக்களுக்குப் பழகிய வடிவம், கூட்டம் தானாக வரும். வேரும் ஆழமானது. மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், வாதம் செய்ய வல்லவர்கள் பட்டிமண்டபத்தின் முறை அறிந்து ஏறட்டும் என்கிறான். அதோடு நிற்காமல், பகைவரோடுகூடச் செற்றமும் கலாமும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். வாதத்துக்கு அழைக்கும் அதே வாயால் சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அறிவிப்பு நமக்கு அத்தனை பழையது.

பிற்காலத்தில் காரைக்குடிக் கம்பன் விழா மேடைகளில் வளர்ந்து, குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்களின் கையில் மெருகேறி, தொலைக்காட்சி வரை வந்த வடிவம் இது. இதன் நல்ல பழக்கங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, எதிரணியை நண்பர் என்றே அழைக்கிறார்கள், மணி அடித்தால் உட்காருகிறார்கள்.

எங்கள் தேவைக்கு இது போதாது. பட்டிமன்றத்தில் ஒருவர் பேசும் பக்கம் அவருக்கு ஒதுக்கப்பட்ட பக்கம். தோற்றாலும் அவருக்கு இழப்பு இல்லை, அதனால்தான் சிரிக்க முடிகிறது. குளத்துக் குப்பையில் அப்படி இல்லை. நாற்றம் ஒரு தெருவுக்கு, லாரி வாடகை இன்னொருவருக்கு. கேட்பவர்களும் கைதட்டுவதோடு சரி, கேள்வி கேட்பதில்லை. இறுதியில் ஒரே ஒருவர் தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம்.

ஆனால் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்று நினைக்கிறேன், ஒரு மாற்றத்தோடு. பாதி நேரம் முடிந்ததும் அணிகள் இடம் மாற வேண்டும். தான் இதுவரை மறுத்ததை இப்போது நிலைநாட்ட வேண்டும். 16 வயதில் இதைச் செய்து பார்த்த ஒரு பிள்ளை, 46 வயதில் "நீ உட்கார்" என்று சொல்வதற்கு முன் ஒரு நொடியாவது தயங்கும்.

ஒரே மேடை

வேட்பாளர்கள் அனைவரையும் ஒரு மேடையில் உட்கார வைத்து, மக்கள் கேள்வி கேட்பது. எங்கள் இளைஞர்கள் இருவர் இதில் பிடிவாதமாக இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தில் வலு இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலும் வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கின்றன. ஆகவே மேடைக்கு வர எந்தத் தலைமையிடமும் வேட்பாளர் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வாக்குக் கேட்டு வீட்டுக்கு வருபவரிடம் தனியாகச் சொல்லும் வாக்குறுதியை, போட்டியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

நடத்தும் முறையும் தெரிந்ததுதான். அமெரிக்காவில் 1920இல் தொடங்கிய பெண் வாக்காளர் கழகம் ஊர் ஊராக இதைச் செய்து பழகியது. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குவது, ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்பது, எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பது. துண்டுச் சீட்டு சின்ன ஏற்பாடாகத் தெரியலாம். ஆனால் ஊர்ப் பெரியவரைப் பார்த்துக் கேட்கத் துணியாத ஒரு பெண், சீட்டில் எழுதிக் கேட்டுவிடுவார். என் முதல் கேள்விக்கு இந்த வழி கொடுக்கும் நல்ல பதில் அது.

அதே கழகத்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1976, 1980, 1984 அதிபர் தேர்தல்களில் விவாதங்களை நடத்திய அந்தக் கழகம், 1988இல் விலகிக்கொண்டது. கேள்வி கேட்பவர் யார், பார்வையாளர்கள் யார் என்பது வரை வேட்பாளர் தரப்புகளே தங்களுக்குள் பேசி முடித்துக் கொண்டுவந்து நீட்டியதை ஏற்க மறுத்துவிட்டது. அத்தனை பெரிய அமைப்புக்கே விதிகளைத் தன் கையில் வைத்திருக்க முடியவில்லை. 14 பேர் கொண்ட வாசகர் வட்டம், வேட்பாளர்களின் உறவினர்கள் முன்வரிசையை நிரப்பினால் என்ன செய்யும்? இன்னொரு வருத்தமும் இருக்கிறது. சில ஊர்களில் தலைவர் பதவி கோயில் கூட்டத்தில் பேசி முடிக்கப்படுகிறது, ஏலம் விடப்பட்டதாகவும் செய்திகள் வந்திருக்கின்றன. அப்படி முடிவான இடத்தில் மேடை போடுவது வெறும் பந்தல் செலவு. போட்டி உண்மையாக நடக்கும் ஊரிலும் இது ஐந்து ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுது. பேசிப் பழகாத ஊருக்கு அந்த ஒரு மாலை ஆபத்தானது, பழகிய ஊருக்கு மிகவும் பயனுள்ளது.

கிராம சபை

இதற்கு நாங்கள் எதையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கொடுத்த அவை இது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாட்களோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு. 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லத் தேவையான குறைவெண் நிறைவேறிவிடும். இங்கே பேசினால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும். மற்ற வழிகளில் எதற்கும் இந்த வலிமை இல்லை.

நான் போன கிராம சபைகளில் பார்த்ததைச் சொல்கிறேன். மைக் மேசையில் இருக்கிறது, மேசைக்குப் பின்னால் நாற்காலிகள், முன்னால் தரையில் சமுக்காளம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருகிறார்கள். மேலிருந்து வந்த பொருள்நிரல் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகிறது. வெயில் ஏறிய பிறகு, "வேறு ஏதாவது பேச வேண்டுமா" என்று கேட்கப்படுகிறது. அப்போது எழுந்து பேசுபவர் பெரும்பாலும் போன தேர்தலில் தோற்றவர் அல்லது அவருடைய ஆள். ஆகவே அவர் கேட்கும் நியாயமான கேள்வியும் பகையாகவே காதில் விழுகிறது. வேலைப் பட்டியலில் தன் பெயர் விட்டுப்போய்விடுமோ என்று அஞ்சும் பெண் வாய் திறப்பதில்லை. அவருடைய அமைதியை ஒழுக்கம் என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. கிராம சபை கூடியதும் சிறிது நேரம் பொதுக்கூட்டம். பிறகு விவசாயம், குடிநீர், கல்வி என்று பொருள் வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் பேச்சை நகர்த்த முன்கூட்டியே பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். கடைசியில் எல்லோரும் மறுபடி ஒன்றாகக் கூடி, குழுக்கள் சொன்னதைக் கேட்டார்கள். 200 பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசக் கூசும் ஒருவர், 20 பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது பேசுகிறார். எதிராளியை மேடையில் வைத்து மட்டம் தட்டும் ஆசையும் கேட்க ஆள் இல்லாததால் குறைந்துவிடுகிறது. இதை நம் ஊராட்சியில் செய்து பார்க்கத் தேவை ஊராட்சித் தலைவரின் சம்மதமும் குழுவுக்கு ஒருவராகப் பழகிய நான்கைந்து பேரும் மட்டும்தான். சம்மதம் கேட்டுப் பெறலாம். அந்த நான்கைந்து பேர்தான் இப்போது எங்களிடம் இல்லை.

குலுக்கலில் தேர்ந்த அவை

இந்த யோசனையைச் சொன்னவர் எங்கள் வட்டத்தின் கணித ஆசிரியர். அயர்லாந்து 2016இல் 99 குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, ஓய்வுபெற இருந்த ஒரு நீதிபதியின் தலைமையில், கருக்கலைப்புத் தடை உள்ளிட்ட கேள்விகளை அவர்களிடம் ஒப்படைத்தது. அந்த நாட்டில் குடும்பங்களையே பிரித்த கேள்வி அது. அவர்கள் வார இறுதிகளில் கூடினார்கள், சிறு மேசைகளாக உட்கார்ந்து மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் பாதிக்கப்பட்டவர்களையும் கேட்டார்கள், பிறகு பரிந்துரைத்தார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள். அதற்கு முன்பு 2012இல் கூடிய அரசமைப்பு மாநாட்டில் 66 குடிமக்களோடு 33 அரசியல்வாதிகளும் ஒரே மேசைகளில் உட்கார்ந்தார்கள் என்பது எனக்கு இன்னும் பிடித்த செய்தி.

குடவோலையின் நாட்டுக்காரர்களுக்குக் குலுக்கல் அந்நியமில்லை. கொள்கை அளவில் இதுவே மிக நியாயமான வழி என்று ஒப்புக்கொள்கிறேன். செல்வாக்கு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே சீட்டுத்தான். ஆனால் கூலிக்குப் போகும் ஒருவரை நான்கு நாட்கள் உட்கார வைத்தால் அந்த நான்கு நாள் கூலியை யார் கொடுப்பது? கொடுக்காவிட்டால் வருபவர்கள் ஓய்வூதியக்காரர்களும் நிலம் உள்ளவர்களும்தான், குலுக்கல் பொய்யாகிவிடும். அவர்கள் சொல்லும் பரிந்துரையைப் பெற்றுக்கொள்ளவும் அரசுத் தரப்பில் ஒருவர் வேண்டும். மாவட்ட நிர்வாகமோ மாநில அரசோ எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. நாங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: யார் முதலில் பேசுவது என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும்.

சிறு வட்டம்

2016 தேர்தலுக்குப் பிறகு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டிரம்ப்புக்கு வாக்களித்தவர்களும் கிளிண்டனுக்கு வாக்களித்தவர்களுமாக இருபது பேர் அளவில் ஒரு வார இறுதியில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அமர்வுகளை வடிவமைத்தவர் பில் டோஹர்ட்டி என்ற குடும்ப நல ஆலோசகர். பிரேவர் ஏஞ்சல்ஸ் என்ற இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. அவர்களுடைய பயிற்சிகளில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தரப்பு நடுவில் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசும், மற்ற தரப்பு சுற்றி உட்கார்ந்து கேட்க மட்டும் செய்யும். தங்கள் கட்சியின் நல்லது எது, தங்கள் கட்சியிடம் தங்களுக்கே பிடிக்காதது எது என்ற இரண்டையும் நடுவில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறும்.

இரண்டு மாதங்களுக்கு முன் நாங்கள் 8 பேர் மட்டும் சோதனையாக உட்கார்ந்து பார்த்தோம். நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்றார் நெல் பயிரிடும் ஒருவர். அந்த வேலையில் இருக்கும் ஒரு பெண் பதில் சொல்ல வாய் திறந்தார். மூன்றாவது விதியின்படி, முதலில் விவசாயி சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். "நாங்கள் சோம்பேறிகள் என்கிறார்" என்றார் அவர். நான் அப்படிச் சொல்லவில்லை என்றார் விவசாயி. இரண்டாவது முறையும் சரியாக வரவில்லை. மூன்றாவது முறை, "நடவு நேரத்தில் ஆள் கிடைக்காமல் நாற்று முற்றிப்போகிறது என்று பயப்படுகிறார்" என்றார். விவசாயி தலையசைத்தார். அதன் பிறகு அந்தப் பெண் சொன்னது இனிமையாக எதுவும் இல்லை. வயல் கூலியில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருக்கும் வரை உங்கள் நாற்று முற்றத்தான் செய்யும் என்றார். விவசாயி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய முறை வந்தது. அவருக்கும் இரண்டு முறை ஆனது. யாரும் சமாதானமாகிவிடவில்லை. ஆனால் இருவரும் உண்மையாகச் சண்டை போட்டது அன்றுதான், அதற்கு முன் இருவரும் தங்கள் கற்பனையில் இருந்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதன் குறைகளை மறைக்கக் கூடாது. வர விரும்புபவர்கள்தான் வருவார்கள், கத்துபவர்கள் வரமாட்டார்கள். இங்கே எதுவும் முடிவாகாது. சில மாதங்களில் நண்பர்கள் கூடி டீ குடிக்கும் இடமாகத் தேய்ந்துபோகவும் கூடும். இவற்றைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. சாதிப் பெயர் சொல்லித் தன்னை இழிவுபடுத்தியவரின் எதிரில் ஒருவரை உட்கார வைத்து, அவர் சொன்னதைப் பொறுமையாகத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்பது கொடுமை. அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. வட்டத்தைக் காட்டிப் புகாரைத் தடுக்கும் நிலை வந்தால் அன்றே வட்டத்தைக் கலைத்துவிட வேண்டும். கருத்து வேறுபாட்டுக்குத்தான் வட்டம், அநீதிக்கு வட்டம் மருந்தாகாது.

எதைத் தேர்கிறோம்

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் ராஜாஜியும் பெரியாரும் நண்பர்களாக இருந்ததைச் சொல்வார்கள். கொள்கையில் எதிரும் புதிருமாக அரை நூற்றாண்டு நின்றவர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது பெரியார் கண்ணீர் விட்டார். சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார் அதே பெரியாரோடு நட்புக் கொண்டிருந்தார். இந்த நினைவுகள் எனக்கும் நெகிழ்ச்சி தருபவை. ஆனால் அவை சில மனிதர்களின் நெஞ்சு விரிவால் நிகழ்ந்தவை. அப்படிப்பட்ட பெரியவர்கள் எங்கள் ஊரில் பிறக்கும் வரை காத்திருக்க முடியாது. சாதாரண மனிதர்கள், கோபம் உள்ளவர்கள், போன தேர்தலின் காயம் ஆறாதவர்கள் ஒன்றாக உட்கார ஓர் ஏற்பாடுதான் எங்களுக்கு வேண்டும்.

என் தேர்வு சிறு வட்டத்தில் தொடங்கிக் கிராம சபையில் முடிவது. வட்டம் மட்டும் என்றால் பேச்சு தீர்மானப் புத்தகத்தை எட்டாது. கிராம சபை மட்டும் என்றால் பழகிய ஆட்கள் இல்லை. அடுத்த கிராம சபைக்கு முன் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றிலும் 12 பேர். பாதிப் பேர் பெண்கள், காலனித் தெருவிலிருந்து குறைந்தது நான்கு பேர், எந்த ஒரு கட்சிக்காரரும் நான்கு பேருக்கு மேல் கூடாது. எல்லோருக்கும் ஒரே வகை நாற்காலி, இல்லாவிட்டால் எல்லோருக்கும் தரை. அமர்வு ஒன்றரை மணி நேரம். டீயும் சுண்டலும் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆறாவது அமர்வுக்குள் பேச்சை நகர்த்தத் தெரிந்த நான்கு பேராவது தேறிவிடுவார்கள் என்று நம்புகிறேன். அவர்களோடு போய் ஊராட்சித் தலைவரைப் பார்த்து, கிராம சபையில் 40 நிமிடம் மட்டும் குழுக்களாக உட்கார அனுமதி கேட்போம்.

பட்டிமன்றம் பள்ளிக்கு. அதைத் தமிழாசிரியை ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார். ஒரே மேடை பற்றி இளைஞர்கள் இருவரும் இன்னும் என்னோடு உடன்படவில்லை. தேர்தலுக்கு முன் ஒரு முறையாவது நடத்தாவிட்டால் வட்டமே வீண் என்கிறார்கள். அவர்கள் சொன்னதை நான் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். மூடிய அறையில் பேசிப் பழகுவதால் பதவிக்கு வருபவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் ஏற்படாது என்பது அவர்களுடைய கவலை. நியாயமான கவலை. ஆறு அமர்வுகளில் மூன்றாவது நடந்த பிறகும் 12 நாற்காலிகள் நிரம்புகின்றன என்றால், மேடைக்கான அனுமதியை விசாரிக்கத் தொடங்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். நிரம்பாவிட்டால் மேடையும் நடக்காது.

முதல் அமர்வு வரும் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை 10 மணி. பொருள் அதே குளத்தங்கரைக் குப்பை. இதுவரை 9 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அன்று "நீ உட்கார்" என்ற இளைஞரும் அவர்களில் ஒருவர். முதியவரிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போகிறேன்.